நான்கு பகுதிகளில் ஒரு சமன்பாடு

குவாண்டம் இயக்கவியலின் அடிப்படையாகிய ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைப் பாடநூலில் ஒற்றை வரியாகப் படித்தவர், ‘அன்னாலென் டெர் ஃபிசிக்’ என்னும் ஜெர்மன் ஆய்விதழின் 1926ஆம் ஆண்டுத் தொகுதிகளைப் புரட்டும்போது, அது ஒரே மூச்சில் எழுதப்பட்டதன்று என்பதைக் காண்கிறார். சூரிச்சில் பேராசிரியராக இருந்த எர்வின் ஷ்ரோடிங்கர், ‘ஐகன்மதிப்புச் சிக்கலாகக் குவாண்டமாக்கல்’ என்ற ஒரே தலைப்பில் நான்கு பகுதிகளை எழுதினார். ஐகன்மதிப்பு என்பது, இழுத்துக் கட்டிய தந்தி குறிப்பிட்ட சுரங்களை மட்டுமே எழுப்புவதுபோல, ஒரு சமன்பாட்டின் தீர்வுக்கு இசையும் குறிப்பிட்ட எண்களைக் குறிக்கும். ஜனவரி 27இல் இதழுக்கு வந்துசேர்ந்த முதற்பகுதி, ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் நிலைகளை இவ்வழியில் வருவிக்கிறது. ஆனால் அங்கே கையாண்ட உருமாற்றம் தன்னளவில் விளங்காத ஒன்று என்று இரண்டாம் பகுதியில் ஆசிரியரே ஒப்புக்கொண்டு, ஒளியியலுக்கும் இயக்கவியலுக்கும் இடையே கணிதவியலாளர் ஹாமில்டன் கண்ட ஒப்புமையிலிருந்து மீண்டும் தொடங்குகிறார். பாடநூல்கள் துடைத்துவிட்ட இந்தத் தயக்கமே (எழுதுபவரின் கை நடுங்குவதைக் காண்பதுபோல) மூலத்தின் பேரழகு. இன்று எல்லோரும் மனப்பாடமாக எழுதும், காலத்தைச் சார்ந்த வடிவம், தன்னைத் தானே பெருக்கினால் மைனஸ் ஒன்றாகும் கற்பனை எண்ணோடு, ஜூன் 21இல் வந்த நான்காம் பகுதியில்தான் தோன்றுகிறது. அதுவும் கற்பனை எண் இல்லாத, மேலும் சிக்கலான நான்காம் வரிசைச் சமன்பாடு ஒன்றை முயன்று பார்த்த பின்னரே.