மனம்போல் வாழ்வா? வ.உ.சி., அப்துற் றஹீம் நூல்களை முன்வைத்து

சுரண்டையிலிருந்து வந்து நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் தேர்வில் தவறினார். காரணம் கேட்டோம். “என் எண்ணம்தான் சரியில்லை ஹஜ்ரத்” என்றார். தம்மூரில் நடந்த தன்னம்பிக்கைப் பயிலரங்கு ஒன்றில் அவர் கற்று வந்த பாடம் அது. அவருடைய தாயார் பீடி சுற்றுபவர். மாலையில் வீடு திரும்பி இலை வெட்டிக் கொடுத்த பிறகே அம்மாணவர் கிதாபைத் திறக்க முடியும். அந்த இலைக்கட்டு அவருடைய விடையில் இடம்பெறவில்லை என்பது நம்மை உறுத்தியது. இவ்விடை எங்கிருந்து வந்தது என்று ஆராயப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

தமிழில் இவ்வகை நூல்களின் தொடக்கத்தில் நம் நெல்லைச் சீமையின் வ.உ.சிதம்பரம் பிள்ளை நிற்கிறார். ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஆலன் 1903இல் எழுதிய நூலைச் சிறைக்காலத்தில் மொழிபெயர்த்து, ‘மனம்போல் வாழ்வு’ என்று பெயரிட்டார். அது 1909இல் வெளிவந்தது. மனிதனின் புறநிலைகள் அவனது எண்ணத்தின் விளைவே என்பது ஆலனின் கொள்கை. அதைத் தமிழாக்கியவரோ, 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, 1908இல் தண்டிக்கப்பட்டு, கோவைச் சிறையில் செக்கிழுத்தவர். அவரது கம்பெனி எண்ணக் குறைவினாலா வீழ்ந்தது? எதிர்க் கம்பெனியின் கட்டணக் குறைப்பும் அரசின் அடக்குமுறையும் சேர்ந்தே அதை வீழ்த்தின. 1912இன் இறுதியில் விடுதலையான பின்னரும் வறுமை அவரை விடவில்லை. ஆலனின் கொள்கையை முழுமையாக ஏற்பின், அவ்வறுமைக்கும் வ.உ.சி.யின் மனத்தையே குற்றம் சாட்ட நேரிடும். அதைச் சொல்ல எவருக்கு நா எழும்? மொழிபெயர்ப்பாளரின் வாழ்வே மூலநூலுக்கு மறுப்பாக அமைந்த விந்தை இது. ஆயினும் செக்கடியில் நின்றவருக்கு அந்நூல் ஏன் வேண்டியிருந்தது என்பதும் நமக்கு விளங்குகிறது. புறத்தை ஆளும் உரிமை பறிக்கப்பட்டவருக்கு அகமாவது தம் ஆட்சியில் இருக்கவேண்டியிருந்தது.

அடுத்து வருபவர் தொண்டி தந்த அறிஞர் எம்.ஆர்.எம்.அப்துற் றஹீம் (1922–1993). ‘வாழ்வது ஒருமுறை’, ‘எண்ணமே வாழ்வு’, ‘அகமும் முகமும்’ ஆகிய நூல்களைச் சமய வேறுபாடின்றித் தமிழர் படித்தனர். இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் கண்ட அதே கைதான் இவற்றையும் எழுதியது. பெரியோர் வாழ்வின் நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சோர்ந்தவனை எழுப்புவது அன்னாரின் முறை. நாமும் இளமையில் எழுப்பப்பட்டவரே, அந்நன்றி நமக்குண்டு. ஆனால் ஒரு குறையைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. வென்றவர்களின் கதைகளே அங்கு மிகுதி. அதே ஊக்கத்தோடு உழைத்துத் தோற்றவர்களுக்கு அவ்வேடுகளில் இடம் குறைவு. படிக்கும் சிறுவன் தன் தோல்விக்குத் தன்னையன்றி வேறு காரணம் தேட வழியில்லாமல் போகிறது.

மனப்பயிற்சியை நமது மரபு மறுத்ததா எனின், இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் மூன்றாம் பகுதியில் நஃப்ஸைப் பயிற்றுவிப்பதற்கென்றே ஒரு கிதாபை ஒதுக்கியுள்ளார்கள். குணம் மாறாது என்போரை அதில் மறுக்கிறார்கள்: வேட்டைப் பறவையும் குதிரையும் பழக்கத்தால் மாறும்போது மனிதன் மாறமாட்டானா என்பது அவர்களின் வாதம். அங்கு வரும் பேரீச்சங்கொட்டை உவமை நம் ஆய்வுக்கு மிக நெருக்கமானது. கொட்டை இன்னும் மரமன்று. பராமரிப்பு சேர்ந்தால் பேரீச்ச மரமாகும். எவ்வளவு பராமரித்தாலும் ஆப்பிள் மரமாகாது. ஒருவனுள் உறங்கும் ஆற்றல், அதன் எல்லை, அதற்குத் தேவையான பராமரிப்பு ஆகிய மூன்றும் அச்சிறிய உவமைக்குள் அடங்கிவிடுகின்றன. கொட்டை தன்னை மரமென்று எண்ணிக்கொண்டால் போதும் என்று இமாம் சொல்லவில்லை. மருத்துவன் எல்லா நோயாளிக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தால் பலர் மடிவர் என்றும் அதே கிதாபில் எச்சரிக்கிறார்கள். முந்நூறு பேரை ஒரே மண்டபத்தில் அமர்த்தி ஒரே வாசகத்தை முழங்கச் செய்யும் பயிற்சியாளர்கள் அப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் நலம். மேலும், அழகிய கையெழுத்தை விரும்புபவன் எழுதியெழுதியே அதைப் பெறுவான் என்பது இமாமின் விளக்கம். அங்கு முதலில் பழகுவது கை. உள்ளம் அதைப் பின்தொடர்கிறது.

அண்மைக்கால ஆய்வும் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. திறமை வளரக்கூடியது என்ற மனப்பாங்கே உயர்வு தரும் என்று அமெரிக்க உளவியலர் கேரல் டுவெக் 2006இல் நூலெழுதிப் புகழ்பெற்றார். அவரும் பங்கேற்று 2019இல் வெளியான பேராய்வில், ஏறத்தாழ 12,000 மாணவர்களுக்கு ஒரு மணி நேரத்திற்கும் குறைவான பயிற்சி அளித்துச் சோதித்தனர். பின்தங்கிய மாணவரின் மதிப்பெண் உயர்ந்தது. ஆனால் அவ்வுயர்வு சிறிது. அதுவும் உடன்படிக்கும் மாணவரின் போக்கு அதற்கு இசைவாக இருந்த பள்ளிகளிலேயே நிலைத்தது. கொட்டைக்கு நிலமும் வேண்டும் என்பதை எண்களும் சொல்கின்றன.

அம்மாணவரிடம் எண்ணத்தைப் பற்றி நாம் மேலும் கேட்கவில்லை. இலை வெட்டும் நேரத்தைப் பற்றிக் கேட்டோம். ஒருநாள் விட்டு ஒருநாள் தம்பி வெட்டுவதென்று வீட்டில் ஏற்பாடாகியிருக்கிறது. மற்ற நாள்களில் ஃபஜ்ருக்குப் பின் நம்முடன் அமர்ந்து, தவறிய பாடத்தை ஒரு பக்கம் எழுதுகிறார். மறுதேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.