கப்பிப் பாடம் கிரேனைத் தூக்குமா?

பாலம் கட்டும் இடத்திலோ துறைமுகச் சாலையிலோ நடமாடும் கிரேனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது எவ்வாறு பளுவைத் தூக்குகிறது என்று கேட்டால், பள்ளி இறுதி வகுப்பு படித்த எவரும் கப்பியையும் நெம்புகோலையும் சொல்லிவிடுவார்கள். விடை சரியே. ஆனால் அந்தக் கிரேன் எப்போது கவிழும்? என் பட்ட வகுப்பு மாணவர்களிடம் இதைக் கேட்டேன். "தாங்க முடியாத எடையைத் தூக்கினால் கவிழும்" என்றனர். இது பாதி விடைதான். மீதிப் பாதியில்தான் உயிர்கள் போகின்றன. குறை மாணவர்களுடையது அன்று. பாடநூல்களில் கப்பிப் பாடம் அமைந்துள்ள முறையில்தான் குறை உள்ளது என்பது என் கருத்து.

முதலில் அப்பாடத்தின் நிறையைச் சொல்லிவிட வேண்டும். பளுவை நான்கு கயிற்றுப் புரிகள் தாங்கினால், காற்பங்கு விசை போதும். ஆனால் பளு 1 மீட்டர் உயர 4 மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். கிரேனின் கொக்கிக் கப்பியும் இவ்வாறே வேலை செய்கிறது. இதில் பிழை ஏதும் இல்லை.

பிழை அடுத்த பக்கத்தில் தொடங்குகிறது. கப்பி ஓர் அத்தியாயத்திலும் திருப்புத்திறன் வேறோர் அத்தியாயத்திலும் வருகின்றன. இரண்டும் சந்திப்பதே இல்லை. கிரேனிலோ இவ்விரண்டையும் பிரிக்கவே இயலாது. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 24 டன் எடையுள்ள கிரேனின் ஈர்ப்பு மையம், அதன் முட்டுக்கால் விளிம்பிலிருந்து 3 மீட்டர் உள்ளே இருக்கிறது. அதனை நிலைநிறுத்தும் திருப்புத்திறன் 72 டன்-மீட்டர். விளிம்பிலிருந்து 8 மீட்டர் வெளியே 6 டன் பளு தொங்கினால், கவிழ்க்கும் திருப்புத்திறன் 48 டன்-மீட்டர். அச்சமில்லை. இப்போது கிரேனின் நீண்ட கையைத் தாழ்த்துங்கள். பளு 12 மீட்டர் தூரத்துக்குப் போகிறது. 6 × 12 = 72! பளு ஒரு கிலோகூட ஏறவில்லை. ஆனால் கிரேன் கவிழும் நிலைக்கு வந்துவிட்டது. கையின் சொந்த எடையை நான் இங்கே சேர்க்கவில்லை. சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இதனால்தான் ஒவ்வொரு கிரேனிலும் பளு அட்டவணை ஒன்று உண்டு. எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்பதை அது சொல்லும். முட்டுக்கால்களை முழுமையாக விரித்து நிற்கும் கிரேனுக்கு, கவிழ்க்கக்கூடிய பளுவில் 85 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்பது அமெரிக்க நெறி. "இது 20 டன் கிரேன்" என்ற பேச்சு மிகக் குறுகிய தூரத்துக்கே பொருந்தும்.

இரண்டாவது குறை, "புறக்கணிக்கத்தக்கது" என்னும் சொல். காற்றைப் புறக்கணி, உராய்வைப் புறக்கணி, தரை உறுதியானது எனக் கொள்க என்கிறது நூல். தொடக்கத்தில் இவ்வாறு எளிமையாக்குவது தவறன்று. புறக்கணித்தவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் பாடத்தை முடித்துவிடுவதே தவறு.

1999 ஜூலை 14 அன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், கட்டப்பட்டுவந்த மில்லர் பார்க் விளையாட்டரங்கின் கூரைத் துண்டு ஒன்றை 'பிக் புளூ' என்ற பெருங்கிரேன் தூக்கிக்கொண்டிருந்தது. துண்டின் எடை 400 டன்னுக்கு மேல். காற்று பலமாக வீசிற்று. கிரேன் சரிந்தது. வேறொரு கிரேனில் தொங்கிய கூண்டில் நின்ற தொழிலாளர் மூவர் மாண்டனர். கூரையின் எடையைக் கணக்கிட்டிருந்தார்கள்; அந்த அகன்ற கூரையின்மீது காற்று செலுத்தும் விசையைச் சேர்க்கவில்லை என்பது அரசு விசாரணையில் வெளிப்பட்டது.

காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 60 நியூட்டன். வேகம் இரட்டித்தால் 240. மேலும், இவ்விசை பளுவை வெளிநோக்கித் தள்ளித் தூரத்தையும் கூட்டிவிடக்கூடும்.

"பாதுகாப்புக் கருவிகள் இருக்கின்றனவே!" என்பீர்கள். இருக்கின்றன. உள்ளிருந்து நீளும் கையுடைய கிரேனில், கயிற்றை அவிழ்க்காமல் கையை நீட்டினால் கொக்கி தானே மேலேறும். பாடநூலின் நீளாத கயிறே இதை விளக்கிவிடும். கொக்கிக் கப்பி கையின் நுனியில் மோதினால் கயிறு அறுந்துவிடக்கூடும். இதைத் தடுக்க நுனியில் ஒரு சிறு எடையைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார்கள். கொக்கி அதைத் தூக்கியதும் சுவிட்ச் இயங்கித் தூக்குதல் நின்றுவிடும். எவ்வளவு எளிய இயற்பியல்! இதைச் சொல்ல ஒரு பத்தி போதும்.

திருப்புத்திறனைக் கணக்கிட்டு எச்சரிக்கும் கருவியும் உண்டு. கையின் நீளம், சாய்வு, தூக்கு உருளையின் எண்ணெய் அழுத்தம் ஆகியவற்றை அது அளக்கும். ஆனால் முட்டுக்காலுக்கு அடியிலுள்ள மண்ணை அது அறியாது. 30 சென்டிமீட்டர் சதுரப் பாதத்தில் 20 டன் இறங்கினால், சதுர மீட்டருக்கு 222 டன் அழுத்தம். 1.2 மீட்டர் சதுரமுள்ள உறுதியான பலகையை அடியில் வைத்தால் அது 14 டன்னாகக் குறையும். எந்தக் கருவியும் அந்தப் பலகையை வைக்காது; மனிதன்தான் வைக்க வேண்டும்.

நம் மாணவர்களுள் பலர் நாளை தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் கட்டுமானத் தளங்களுக்கும் போகப்போகிறவர்கள். கப்பிப் பாடத்தின் இறுதியில் மூன்றே கணக்குகள் சேர்க்கலாம்: தூரம், காற்று, தரை. பாடநூல் சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். இங்குள்ள எண்களை மாற்றி நீங்களே போட்டுப் பாருங்கள். அடுத்த முறை கிரேனைக் காணும்போது கொக்கியை மட்டும் அண்ணாந்து பார்க்காமல், முட்டுக்காலின் அடியையும் குனிந்து பாருங்கள். ஆனால், விலகி நின்றே பாருங்கள்!