ஒரு வீட்டுக்கு எத்தனை பெயர்? கட்டட விதிப்புத்தகத்தைத் தேவாரத்திலிருந்து வாசித்தல்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பிப்ரவரி 4 அன்று, அரசாணை எண் 18 ஆக வந்தன. அதுவரை சென்னைப் பெருநகரத்துக்கு ஒரு விதி, நகராட்சிகளுக்கு ஒன்று, கிராம ஊராட்சிகளுக்கு 1997-ல் போட்ட இன்னொன்று என்று தனித்தனியாக இருந்தன. எல்லாவற்றையும் ஒரே புத்தகத்துக்குள் கொண்டுவந்தது பெரிய வேலை, சந்தேகமே இல்லை. ஆனா அதே புத்தகத்தை வேளச்சேரியில் வைத்துப் படிப்பதற்கும் தேவாரத்தில் வைத்துப் படிப்பதற்கும் வித்தியாசம் இருக்கு. இது இரண்டாவது வகை வாசிப்பு.

தேவாரம் தெரியாதவர்களுக்கு: தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்தில் ஒரு பேரூராட்சி. போடியிலிருந்து ராசிங்கபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று மலையடிவாரத்தை ஒட்டியே போகிற ரோட்டில் இருக்கு. முகட்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். ஆனா ஊரிலிருந்து நேராக மேலே ஏற வண்டிப்பாதை கிடையாது. சாக்குலூத்து மெட்டு வழியாக ரோடு வேணும் என்பது பல வருஷக் கோரிக்கை. அதனால் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு அல்லது கம்பம்மெட்டு சுற்றித்தான் போகணும்.

இந்த அமைப்புதான் இங்குள்ள சிறுதொழில்களுக்கு ஒரு வடிவம் கொடுத்திருக்கு. ஜீப் கிளம்புற நேரத்துக்கு வீட்டு முன்னறையில் இட்லி வேகும். பத்து மணிக்கு மேல் அதே அறையில் தையல் மிஷின் ஓடும். ஏலக்காய் வரத்து உள்ள மாதங்களில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். நல்ல பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி, பருமனுக்குச் சல்லடை. போடியிலும் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் எடுத்த காயை வியாபாரிகள் இப்படித் தரம் பிரித்துத்தான் வெளியூருக்கு அனுப்புகிறார்கள். போடிப் பக்கம் இலவம்பஞ்சு மெத்தை, தலையணை வேலையும் உண்டு. ஒரே கூரையின் கீழ் காலையில் ஒரு தொழில், பகலில் ஒன்று, சீசனில் இன்னொன்று.

இப்போ இந்தப் பக்கம் வளருது. 2010 கடைசியில் நிறுத்தின மதுரை–போடி மீட்டர்கேஜ், அகலப்பாதையாகி 2023 ஜூன் 15 முதல் போடிக்கு மறுபடி ரயில் வருது. ரோட்டோரத் தோப்புகளில் கல் ஊன்றி மனை பிரிக்கிறார்கள். ஊர் வளர்ந்தால் விதியும் கூடவே வரும், வரத்தான் வேணும். கும்பகோணத்தில் 2004-ல் 94 குழந்தைகள் பள்ளித் தீயில் போன பிறகு, கட்டட விதி வெறும் காகிதத் தொல்லை என்று யாரும் சொல்ல முடியாது. என் கேள்வி வேற: இந்த விதிகள் எதைப் பார்க்கின்றன, எதைப் பார்க்காமல் விடுகின்றன?

அனுமதி பக்கத்தை விட்டு வெளியே வருவதில்லை

விதிப்புத்தகம் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம் என்று மண்டலங்களாகப் பிரிக்கிறது. வாழ்க்கையே தெரியாமல் எழுதினது என்று சொல்ல மாட்டேன். குடியிருப்பு மண்டலத்திலும் சிறுகடைகள், வீட்டுத்தொழில்கள் சிலவற்றுக்கு இடம் இருக்கு. பரப்புக்கும் மோட்டாரின் குதிரைத்திறனுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். நியாயமான வரம்புதான். சிக்கல் எங்கே என்றால், அந்த அனுமதி புத்தகத்தின் பக்கத்தை விட்டு வெளியே வருவதில்லை.

மேலே சொன்ன மாதிரி ஒரு வீட்டை எடுத்துக்குவோம். முன்னறையில் இட்லிக் கடை, பின்கட்டில் ஏலக்காய் பொறுக்குற இடம் என்று புதிதாகக் கட்டப் போகிறார்கள்.

முதலில் கட்டட அனுமதி. 2024 ஜூலை 22-ல் சுயசான்றிதழ் திட்டம் வந்தது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு மாடி என்றால் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கலாம். அருமையான திட்டம். ஆனா குடியிருப்புக்கு மட்டும். முன்னறையை 'கடை' என்று வரைபடத்தில் உண்மையாக எழுதினால் அந்த வழி அடைபடும். 'ஹால்' என்று எழுதினால் திறக்கும். உண்மை சொன்னால் தாமதம், மறைத்தால் வேகம். எங்க மென்பொருள் வேலையில், பயனாளியைப் பொய் சொல்லப் பழக்கும் படிவத்தைப் பயனாளியின் தவறாகக் கணக்கு வைக்க மாட்டோம், வடிவமைப்பின் தவறாகத்தான் வைப்போம்.

அடுத்து மின்சாரம். வீட்டு இணைப்பில் கடை நடந்தால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவுப்படி அது அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதம். கடை நகர விதிப்படி அந்த மண்டலத்தில் அனுமதிக்கப்பட்டதா என்ற கேள்வியே இங்கே வராது. அதாவது கிராமப்புறத்தில் மண்டல விதியை நடைமுறையில் காப்பது எந்த வரைபடமும் இல்லை, மின் மீட்டர்தான்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விவரம் கவனிக்கணும். தமிழ்நாட்டு மின்கட்டண ஆணைகளில், வீட்டோடு ஒட்டி 200 சதுர அடிக்குள் உள்ள ஆலோசனை அறை (டாக்டர், வக்கீல் மாதிரித் தொழில்முறையாளர்களுக்கு) வீட்டுக் கட்டணத்திலேயே வருது. நெசவாளர் வீட்டுக் கைத்தறிக்கும் அப்படியே. ஆக, வீட்டுக்குள் ஒரு பிழைப்பு நடக்கலாம் என்பதை ஆணை ஏற்கிறது. எந்தப் பிழைப்பு என்பதில்தான் வித்தியாசம். நெசவாளருக்குச் சங்கமும் குரலும் இருந்தது, வக்கீலுக்குச் சொல்லவே வேண்டாம். அதிகாலை இட்லிக்கும் ஏலக்காய் பொறுக்குகிற பெண்களுக்கும் அந்தப் பட்டியலில் ஒரு வரி வாங்கித்தர ஆள் இல்லை.

மூன்றாவது, நிலம். முழுமைத் திட்டம் வராத பகுதிகளில் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 2017-ல் தனி விதிகள் வந்தன. பின்னால் தோட்டத்துக்குள் பத்தடி நீட்டி ஷெட் போடுகிறவரும் ஏக்கர் கணக்கில் மனை பிரிக்கிறவரும் ஒரே வாசலில் நிற்கணும். மனை பிரிக்கிறவர் அந்தச் செலவை மனை விலையில் ஏற்றிவிடுவார். ஷெட் போடுகிறவர் இட்லி விலையில் ஏற்ற முடியுமா?

இரண்டு தரப்பும் கட்டணத்தைப் பற்றியே பேசின

2025 ஜூலையில் கிராம ஊராட்சிகளில் கடையோ தொழிலோ நடத்த உரிமம் கட்டாயம் என்று விதிகள் வெளியாயின. தேவாரம் பேரூராட்சி, இங்கே ஏற்கெனவே நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தின் விதிகள் இருக்கு. எல்லையைத் தாண்டி பொட்டிப்புரம் ஊராட்சிக்குள் போனால் புது விதி. வணிகர்களும் எதிர்க்கட்சிகளும் எதிர்த்தார்கள். சில வாரங்களில் அரசு நிறுத்திவைத்தது. டீக்கடைக்கும் கட்டணமா என்ற கோபம் நியாயம். ஆனா அந்த விவாதத்தில் ஒரு வாய்ப்பு நழுவியது என்பது என் கருத்து. உரிமம் என்பது வசூல் ரசீதாக மட்டும் இருக்கணும்னு இல்லை. "இந்தத் தொழில் இந்த இடத்தில் நடக்கலாம்" என்று மின் அலுவலகமும் வங்கியும் ஏற்கிற ஒரே தாளாக அது இருந்தால், கடைக்காரருக்கு அது கவசம். தெருவோர வியாபாரிகளுக்கு 2014 மத்தியச் சட்டம் அந்த மாதிரி ஒரு சான்றையும் பாதுகாப்பையும் தந்தது. சொந்த வீட்டு முன்னறையில் கடை போட்டவருக்கு அதுகூட இல்லை. தாள் இல்லாததால் வங்கிக் கடன் கிடைக்காது. பிறகு தண்டல்காரர்தான் கதி.

முகட்டுக்கு அந்தப் பக்கம்

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. மேலே தோட்டமும் கடையும் வைத்திருக்கிற நம்ம ஆட்கள் இடுக்கியில் இன்னொரு பாடம் படிக்கிறார்கள். அங்கே 1964 நிலப்பதிவு விதிகளின்படி கொடுத்த பட்டா விவசாயம், வீடு மாதிரியான நோக்கங்களுக்கானது. அதில் கடையோ விடுதியோ வந்தால் பட்டா நிபந்தனை மீறல். 2019 ஆகஸ்டில் கட்டட அனுமதியையே பட்டாவின் நோக்கத்தோடு கட்டிப்போட்டார்கள். போராட்டங்களுக்குப் பிறகு 2023 செப்டம்பரில் சட்டத் திருத்த மசோதாவை நிறைவேற்றினார்கள். இதற்கெல்லாம் அடியில் இன்னும் பழைய தகராறு ஒன்று: ஏலமலைக் காட்டின் பரப்பு 1897 திருவிதாங்கூர் அறிவிப்பின்படி 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா? முன்னால் ஒரு '2' உண்டா இல்லையா என்பதில் ஒரு மாவட்டத்தின் பிழைப்பு தொங்குது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதுப் பட்டா கொடுக்க இடைக்காலத் தடை போட்டது.

இங்கே நிலப் பயன்பாடு, அங்கே பட்டா நோக்கம். வழி வேற, கேள்வி ஒண்ணுதான்: இந்த நிலம் எதற்காக? இந்த வேலையால் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன தொந்தரவு என்ற கேள்வி இரண்டு பக்கமும் பின்னால் போயிடுது.

ஜப்பானில் அதை முன்னால் வைத்திருக்கிறார்கள். அங்கே மிகக் கண்டிப்பான தாழ்மாடிக் குடியிருப்பு மண்டலத்தில்கூட வீட்டோடு கடை வைக்கலாம். கடைப்பகுதி 50 சதுர மீட்டருக்குள், மொத்தப் பரப்பில் பாதிக்கும் குறைவாக இருக்கணும். பட்டியலில் உள்ள தொழிலாக இருக்கணும். அவ்வளவுதான். அப்படியே இங்கே நகலெடுக்கச் சொல்லவில்லை. 50 சதுர மீட்டர் இட்லிக் கடையும் 50 சதுர மீட்டர் இலவம்பஞ்சுக் கிடங்கும் ஒன்றாகாது. பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஆகாது, ஒரு பொறி பட்டால் தெருவே எரியும். அதனால் அளவோடு தீ, புகை, சத்தம், கழிவுநீர் நான்கையும் சேர்த்துத்தான் கேட்கணும். அப்படிக் கேட்டால் ஏலக்காய் பொறுக்குற அறை ஒரு வக்கீல் அறையைவிடத் தொந்தரவு குறைந்தது என்று தெரியும்.

புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். 'வீட்டோடு தொழில்' என்று ஒரே ஒரு வகையை வரையறுத்து, அதைச் சுயசான்றிதழிலும் மின்கட்டண ஆணையிலும் உள்ளாட்சி உரிமத்திலும் ஒரே பொருளில் வைத்தால் போதும். நிறுத்திவைத்த ஊராட்சி உரிம விதிகளை என்றைக்காவது மறுபடி எடுப்பார்கள். அப்போது வணிகர் சங்கங்கள் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதோடு நிற்காமல், இந்த ஒரு வகையையும் கேட்டு வாங்கணும். இல்லாவிட்டால் ஊர் வளர வளர, தோப்பை மனையாக்கியவரிடம் எல்லாத் தாளும் இருக்கும். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிறவர் தன் சொந்த வீட்டிலேயே விதி மீறியவராக இருப்பார்.