பாசிக் காட்டில் அரை மணி நேரம்

மீன் காட்சிசாலை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? இருட்டு அறை, வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், பிளாஸ்டிக் செடி, குமிழி விடும் பொம்மை. நானும் அந்த நினைப்போடுதான் கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடா மீன் காட்சிசாலைக்குள் நுழைந்தேன். (டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். நான் பார்த்துத் தொலைத்தேன். மத்தியான காபி கட்!)

இடத்தின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. மத்தி மீனை டப்பாவில் அடைத்தே பிழைத்த தெரு இது. அள்ளு அள்ளென்று அள்ளினார்கள். 1940-களுக்குப் பிறகு மத்தி டாட்டா காட்டிவிட்டது. மிஞ்சியிருந்த ஹோவ்டன் ஃபேக்டரியும் 1973-ல் இழுத்து மூடப்பட்டது. அங்கேதான் 1984-ல் இந்தக் காட்சிசாலை திறந்தது. அந்தக் காலத்து பாய்லர்களை இன்னும் வைத்திருக்கிறார்கள். பணம் போட்டவர் ஹியூலெட் பேக்கார்டு கம்பெனியின் டேவிட் பேக்கார்டு. திறந்த பிறகு தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கண்டிஷன். பி.காம். படித்த எனக்கு இந்த கண்டிஷன் ரொம்பப் பிடித்தது. வில்லங்கமும் அதில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் அந்தப் பாசிக் காடு. 28 அடி உயரத் தொட்டி. மேலே திறந்த வெளி, வெயில் நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. உள்ளே கெல்ப் என்கிற ராட்சதக் கடற்பாசி, நிஜமாகவே வளர்கிறது. அசையாத தண்ணீரில் அது பிழைக்காது; சத்து அதனிடம் வந்து சேர அலை வேண்டும். அதனால் சில விநாடிக்கு ஒருமுறை ஒரு இயந்திரம் தண்ணீரைத் தள்ளுகிறது. மொத்தக் காடும் ஒரு பக்கம் சாய்ந்து திரும்ப நிமிர்கிறது. மத்திக் கூட்டம் வெள்ளித் தட்டு மாதிரி திரும்புகிறது. சிறுத்தைப் புள்ளி போட்ட சுறா ஒன்று சோம்பேறித்தனமாகக் கீழே போகிறது. அவ்வளவுதான் சார், வேறொன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் நின்றிருக்கிறேன்!

எங்கோ இருந்து வந்த அதிசய மீன்கள் இல்லை. சுவருக்கு வெளியே அலையடிக்கிற அதே கடல்தான் உள்ளேயும். இதுதான் இந்த இடத்தின் கௌரவம் என்பேன்.

அப்புறம் ஏன் அந்த வெள்ளைச் சுறா?

2004-ல் வலையில் தற்செயலாகச் சிக்கிய குட்டி ஒன்றைத் தொட்டியில் விட்டார்கள். அதுவரை எங்கேயும் சில வாரம்கூடத் தாங்காத ஜீவன், இங்கே 198 நாள் இருந்தது. கூட்டம் அலைமோதியது. கூடவே இருந்த வேறு சுறாக்களைக் கடித்து வைத்ததும் கடலில் விட்டார்கள். 2011 வரை இன்னும் ஐந்து குட்டிகள். கடைசிக் குட்டி கடலுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் செத்துப்போனது.

அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. கருவி கட்டி விட்டதில் சுறா போகும் வழி தெரிந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் வந்தது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. பாசியை நம்பிக் கடை போட்டவர்கள், கல்லாவை நிரப்ப சர்க்கஸ்காரர்கள் வழிக்குப் போய்விட்டார்கள். 2011-க்குப் பிறகு அதை நிறுத்தியது நல்ல காரியம்.

போனால், மாடி மாடியாக ஓடாதீர்கள். பாசித் தொட்டி முன்னால் தரையில் உட்காருங்கள். தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருப்பது உங்களுக்காகத்தான். பகலில் வடிகட்டி விடுகிறார்கள். ராத்திரி எல்லோரும் போனதும் கடல் தண்ணீர் வடிகட்டாமல் அப்படியே உள்ளே வருகிறது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளும் விதைகளும் அதில் வந்து, சுவரிலும் பாறையிலும் ஒட்டி வளர ஆரம்பிக்கின்றன. யாரும் வாங்காத, எந்தப் பில்லிலும் இல்லாத சரக்கு. அந்த ஊர் கணக்குப்பிள்ளை ஸ்டாக் எப்படி எடுக்கிறாரோ!