சாரத்திலிருந்து ஒரு காற்சட்டை

ஒரு யோகக் காற்சட்டை நல்லதா என்பதை முன்பக்கம் பார்த்து அறிய முடியாது. உட்புறம் வெளியே வரப் புரட்டி, இரண்டு காலும் கூடுகிற கவட்டைப் பார்க்க வேண்டும். நான்கு தையல்கள் அங்கே ஒரே புள்ளியில் வந்து முட்டினால் அது தெருவில் நடப்பதற்கான உடுப்பு. அந்தப் புள்ளியே இல்லாதபடி வைர வடிவில் ஒரு துண்டுத் துணியை இடையில் வைத்துத் தைத்திருந்தால், மனித உடம்பு எப்படி மடங்கும் என்று யோசித்த ஒருவர் அதை வெட்டியிருக்கிறார்.

நிற்கும்போது கவட்டில் பாரம் எதுவும் இல்லை. மலாசனத்தில் குந்தும்போதும், உபவிஷ்ட கோணாசனத்தில் காலை அகட்டி முன்னால் குனியும்போதும் முழு இழுப்பும் அந்த ஒரு புள்ளியில் விழுகிறது. தையல் விட்டுவிடும். விடாவிட்டால் தொடையை உறுத்தும், அல்லது இடுப்புப் பட்டி கீழே இறங்கும். வைரத் துண்டு இருந்தால் இழுப்பு அதன் நான்கு ஓரங்களுக்கும் பிரிந்து போகிறது. அந்தத் துண்டை நேர் இழையில் வெட்டாமல், டெய்லர்மார் ‘கிறோஸ்’ என்று சொல்கிற மூலைவாட்டில் வெட்டினால், லைக்ரா ஓர் இழைகூட இல்லாத கைத்தறித் துணியும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். கையகலத் துணியில் நடக்கிற இந்த வேலையைத் தையற்கலையின் மிக அழகான யோசனைகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

நம்மவர்கள் இதே சிக்கலைத் தையலே இல்லாமல் தீர்த்து வைத்திருந்தார்கள். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டும்போது கவட்டில் தையல் கிடையாது, மடிப்பு மட்டும்தான். காலை எவ்வளவு அகட்டினாலும் மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும், கால் சேர்ந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும். மாசி மாதத்தில் நம் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுகிறவர்களையும் சிலம்பம் சுழற்றுகிறவர்களையும் இடுப்புக்குக் கீழே மட்டும் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். அந்தக் கட்டு ஒருபோதும் ஆட்டத்துக்குக் குறுக்கே வராது.

யோகப் பயிற்சியின் உடுப்பு வேறு வழியில் வந்தது. இன்று உலகம் பழகுகிற ஆசன முறைகளில் பெரும்பகுதிக்கு ஊற்றான திருமலை கிருஷ்ணமாச்சாரியார் மைசூரிலும் பின்னர் சென்னையிலும் கற்பித்தவர். 1934இல் கன்னடத்தில் வெளிவந்த அவருடைய ‘யோக மகரந்தம்’ நூலின் படங்களில் உடம்பில் இருப்பது பெரும்பாலும் ஒரு சிறு கச்சை மட்டுமே. மூச்சில் விலா விரிவதும் முதுகுத் தசை எழும்புவதும் அப்போதுதான் ஆசிரியர் கண்ணுக்குத் தெரியும். அவருடைய மாணவரும் மைத்துனருமான பி.கே.எஸ். ஐயங்காரின் பூனேப் பள்ளியில் அந்தக் கச்சையின் இடத்தில் ஓர் அரைக்காற்சட்டை வந்தது. ‘பூனே ஷோர்ட்ஸ்’ என்று வெளிநாட்டு மாணவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். மெல்லிய நெய்த பருத்தி, தாராளமான சுற்றளவு, இடுப்பில் இலாஸ்டிக், தொடை ஓரத்திலும் இலாஸ்டிக். சிரசாசனத்திலும் சர்வாங்காசனத்திலும் தலைகீழாக நின்றாலும் துணி சரிந்து இறங்குவதில்லை. முழங்கால் திறந்திருப்பதால் முழங்காற்சில்லு மேலே ஏறியிருக்கிறதா, தொடை உள்ளே திரும்பியிருக்கிறதா என்று ஆசிரியர் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். பார்வைக்கு ஊதிப்போன ஒரு பழங்காலக் காற்சட்டைதான். அதில் ஓர் அங்குலம்கூட வீண் இல்லை என்பது பழகினவருக்குத் தெரியும்.

இலங்கையின் ஊவா மலைப்பகுதிக்கு அந்த அரைக்காற்சட்டையை அப்படியே கொண்டுவர முடியாது. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றரில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். ஹப்புத்தளை அதற்கும் மேல். மார்கழி, தை விடியற்காலையில் அங்கே தொடை தெரியும் உடுப்போடு பச்சிமோத்தானாசனத்தில் உட்கார்ந்தால் தசை நீளுவதற்குப் பதில் இறுகிக்கொள்ளும். கணுக்கால்வரை காற்சட்டை வேண்டும். அடியில் கொஞ்சம் ஒடுங்கி, முழங்காலுக்கு மேல் சுருட்டி விடக்கூடிய அளவு தளர்வாக இருந்தால் ஆசிரியருக்கும் குறை இல்லை.

குளிரைவிட ஈரம்தான் பெரிய சிக்கல். பின்னல் பருத்தியில் கனமானவை, சதுர மீற்றருக்கு 220 கிராம் எடையுள்ளவை, கையில் எடுத்தவுடனே மனதைப் பறிக்கும். வடகீழ்ப் பருவ மழை பிடித்துவிட்டால் லயத்துக் கொடியில் அவை இரண்டு நாளானாலும் காயாது. மூன்றாம் நாள் மக்கல் வாடை வந்துவிடும். நெய்த துணி, அதிலும் கைத்தறியின் சாதா நெசவு, மழைநாளிலும் சீக்கிரம் உலர்ந்துவிடும். ஆடி, ஆவணியில் கவலையே இல்லை. ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணத்தைக் கொடுக்கிற அந்தக் கச்சான் காற்று மலையைத் தாண்டி உலர்ந்து இறங்கும்போது எந்தத் துணியும் காய்ந்துவிடும்.

பருத்தி வியர்வையை நன்றாக உறிஞ்சும். சாதாரண நிலையில் பருத்தி தன் எடையில் எட்டு வீதம் அளவுக்கு ஈரத்தைத் தனக்குள் வைத்திருக்கும். பொலியெஸ்டர் அரை வீதத்தைக்கூட வைத்திருக்காது. ஆனால் உறிஞ்சிய வியர்வையோடு குளிர்ந்த தரையில் சவாசனத்தில் படுத்தால் பருத்தியும் உடம்பைச் சில்லிட வைக்கும். அதற்கு நம் மலைநாட்டிலேயே பதில் இருக்கிறது: கம்பளி. மழைக்கும் பனிக்கும் தலையோடு போர்த்திக்கொண்டு மலைக்குப் போன நம் பாட்டன் பாட்டிகளின் கம்பளி நனைந்தாலும் சூட்டை முழுதாக விட்டுவிடாது. சவாசனத்தில் அதைப் போர்த்திக்கொள்ளலாம். சர்வாங்காசனத்தில் மடித்துத் தோளுக்கு அடியில் வைத்தால் கழுத்து நோகாது. ஐயங்கார் பள்ளியில் கம்பளி விரிப்புகளை மடித்து வைத்துச் செய்விப்பதும் இதையேதான். வீட்டில் பழைய கம்பளி இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள்.

கடைகளுக்கு வருகிறேன். பதுளைக் கடைகளில் யோகா உடுப்புக் கேட்டால் பெண்களுக்கான லெகிங்ஸ்தான் முதலில் வரும். ஆண்களுக்கென்று எடுத்துப் போடுவது விளையாட்டுக் காற்சட்டை: வழுக்கும் பொலியெஸ்டர், பக்கத்தில் கோடு, கவட்டில் அதே நான்கு தையல் முட்டல். இந்தத் தீவில் இப்படி இருப்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. 1998இல் கனடாவில் தொடங்கி யோகா உடுப்பை உலகச் சந்தையாக்கிய லுலுலெமன் தன் உடுப்புகளைத் தைப்பித்து வாங்கும் முக்கிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. மாஸ் ஆடை நிறுவனம் 2008இல் துல்ஹிரியவில் திறந்த பசுமைத் தொழிற்சாலையைப் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தோடு தையல் இயந்திரத்தின் சத்தம் கிராமங்களுக்கும் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் ஏராளமானோர் அந்த வேலைக்குப் போயிருக்கிறார்கள். தட்டைத் தையலும், உடம்பில் உறுத்தாத ஓரமும், சரியாக உட்காரும் இடுப்புப் பட்டியும் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைக்குத் தெரியும். அந்தக் கைத்திறன் நம்மூர் ஆணின் உடம்புக்கு மட்டும் வந்து சேரவில்லை.

‘சூழலுக்கு உகந்தது’ என்ற சீட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பாலானது விஸ்கோஸ். மூங்கிற்கூழைக் காபன் இருசல்பைட்டுப் போன்ற நச்சு இரசாயனங்களைக் கொண்டு கரைத்து எடுத்த இழை. அதேபோலக் கூழிலிருந்து எடுக்கிற லயோசெல் அதைவிட எவ்வளவோ நல்லது. கரைப்பானை ஏறக்குறைய முழுவதும் மீட்டுத் திரும்பப் பாவிக்கிறார்கள். பிளாஸ்டிக் போத்தலிலிருந்து எடுத்த பொலியெஸ்டரும் ஒவ்வொரு கழுவலிலும் நுண்ணிழைகளை உதிர்க்கும். லயத்துப் பீலியில் கழுவுகிற தண்ணீர் ஓடையாகிப் பதுளு ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது என்பதை நினைத்தால் அந்தப் போத்தல் கதையில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. இயற்கை வேளாண்மைப் பருத்திக்கு ‘கொட்ஸ்’ (GOTS) முத்திரை நம்பகமானது. ‘ஓர்கானிக்’ என்று போட வேண்டுமானால் 95 வீதம் இயற்கை வேளாண்மை இழை இருக்க வேண்டும். குறைந்த தரத்துக்கு 70 வீதம். முத்திரை எதுவும் இல்லாத துணியை ஓரத்தில் நாலு இழை உருவி எரித்துப் பாருங்கள். பருத்தி கடதாசிபோல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாக இறுகும்.

இத்தனை முத்திரைகளையும் தாண்டி என் தேர்வு சாரம். மருதமுனைத் தறிகளில் நெய்த கைத்தறிச் சாரம் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால், இழை நெருக்கமாக இருந்தும் இடையில் காற்றுக்கு வழி இருப்பது தெரியும். வேட்டித் துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் காற்சட்டைக்கு ஆகாது. ஒற்றையில் ஒளி ஊடுருவும், குனியும்போது சங்கடம். சாரத் துணிக்கு வேண்டிய கனமும் மறைப்பும் உண்டு. மூட்டைப் பிரித்தால் ஏறத்தாழ இரண்டு மீற்றர் கிடைக்கும். நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு ஒரு தளர்வான காற்சட்டையும் வைரத் துண்டும் அதில் எழும். ஆண்டுக்கணக்கில் உடுத்துத் துவைத்த சாரம் என்றால் இன்னும் நல்லது. கஞ்சி முழுவதும் போய், சாயம் போகிற அளவு போய், இனிமேல் சுருங்க எதுவும் மிச்சமில்லாமல், தோலுக்குப் பழகிய துணி அது. புதிதாக ஒரு பஞ்சுச் செடிகூட வளர்க்கத் தேவையில்லாத அந்த உடுப்பைவிடச் சூழலுக்கு உகந்த ஒன்றை எந்தக் கடையும் விற்க முடியாது. கட்டம் போட்ட துணியானால் இரண்டு காலிலும் கோடு சந்திக்கும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள். டெய்லரின் கை அதில்தான் தெரியும்.

நிறம் மங்கிப் போயிருந்தால் தேயிலையே சாயம். கொழுந்தின் துவர்ப்பு பருத்தியைப் பிடிக்கும். கடுஞ்சாயத்தில் ஊறவைத்தால் மண்ணிறம். அதோடு அன்னபேதி கொஞ்சம் சேர்த்தால் மழைமேகச் சாம்பல். வெயில் பட்டு மெல்ல வெளிறும், திரும்பவும் ஊறவைக்கலாம். நம் கையால் பறித்த இலை நம் உடம்பில் நிறமாக இருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்த காந்தி இந்தப் பதுளைக்கும் வந்து பேசினார். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரும் தங்கள் சொற்பக் கூலியிலிருந்து அந்த நிதிக்குக் கொடுத்தார்கள். எங்கோ இந்தியக் கிராமத்தில் நூற்கிற கைக்காகக் கொடுத்த காசு அது. இன்று நம் தெருவிலேயே ஒரு தையற்கடை இருக்கிறது.

ஆகையால் வாசகரிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை இறக்குமதிக் காற்சட்டைக்குப் பணம் எடுக்கும் முன் ஒரு சாரத்தை எடுத்துக்கொண்டு உங்கள் டெய்லரிடம் போங்கள். இடுப்புக்கு இலாஸ்டிக்கோடு நாடாவும், கவட்டில் மூலைவாட்டில் வெட்டிய வைரத் துண்டும் வையுங்கள் என்று சொல்லுங்கள். தைத்து வந்ததும் கடையிலேயே போட்டு, குந்திப் பார்த்து, பிடித்தால் இன்னொன்றும் தைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு இரண்டு வேண்டும். சாதாரணக் காற்சட்டையைவிடக் கூலி கொஞ்சம் கூடக் கேட்பார். பேரம் பேசாமல் கொடுங்கள்.