தரங்கம்பாடி மடல்கள்

ஒருவர்க்கு எழுதிய மடல் மற்றொருவர்க்கு உரியதான செய்தி ஒன்று சிலப்பதிகாரத்தில் உண்டு. புகாரினின்று மாதவி வரைந்து கோசிகமாணி வழி விடுத்த ஓலையைக் கோவலன் படிக்கின்றான். அதன் சொற்கள் தன் பெற்றோர்க்குத் தான் விடுக்கும் ஓலைக்கும் பொருந்துதல் கண்டு, அதனையே அவர்பால் சேர்க்குமாறு பணிக்கின்றான். எழுத்து ஒன்றே, படிப்பார் மாறவே பொருளும் மாறிற்று. அப்பட்டினத்திற்குத் தெற்கே, அதே கடற்கரையில், தரங்கம்பாடியில் தோன்றிய மடல்களை ஆராயுங்கால் இந்நிகழ்ச்சி எம் நினைவுக்கு வருகின்றது.

தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்து தேனியர் அங்குக் கோட்டை கொண்டனர். 1706 சூலையில் சீகன்பால்கு, புளூச்சோ ஆகிய இரு செருமானியக் குருமார் வந்திறங்கினர். சீகன்பால்கு தாயகத்திற்கு விடுத்த மடல்கள் கடற்செலவின் இன்னலையும், சிறுவரோடு மணலில் அமர்ந்து அரிச்சுவடி பயின்றதையும் கூறுவன. தமிழரைக் கல்வியற்றவர் எனத் தாமும் ஒருகாலத்து எண்ணியதாகவும், அவர்தம் மொழியும் நூலும் அறிந்தபின் அவ்வெண்ணம் நீங்கியதாகவும் அவர் ஒப்புக்கொள்வது, யாம் அவரிடம் மிக மதிக்கும் பண்பாகும். சமயச் சார்பு அவரை விட்டு நீங்கவில்லை என்பதும் உண்மையே.

எனினும் ஆராய்ச்சிக்குரியவை அவர் எழுதியவை மட்டுமல்ல. அவர்க்கு எழுதப்பட்டவையும் ஆம். 1712 முதல் 1714 வரை, அவரும் கிருண்ட்லரும் விடுத்த வினாக்களுக்குத் தமிழர் தமிழில் விடை எழுதினர். அவற்றுள் 99 மடல்கள் செருமானியத்தில் பெயர்க்கப்பட்டு, ஆலே நகர அறிக்கைகளில் வெளிவந்தன. ‘மலபாரியர் மடல்கள்’ என்பது அவற்றிற்கு வழங்கும் பெயர். அந்நாளைய ஐரோப்பியர் தமிழரையே அங்ஙனம் அழைத்தனர்; சேரநாட்டுத் தொடர்பு கருதி மயங்கும் மாணவர் இன்றும் உளர்.

மொழிபெயர்த்தலையும் வழிநூல் வகையுள் அடக்குவது தொல்காப்பிய மரபு. ஈண்டோ முதலாவது மறைய, வழியாயது நிற்கின்றது. இம்மடல்களைத் தமிழ் உரைநடை வரலாற்றில் சேர்க்கலாமோ எனின், நடைக்குச் சான்றாகச் சேர்த்தல் இயலாது. கருத்துக்குச் சான்றாகச் சேர்த்தே ஆகவேண்டும் என்பது எம் துணிபு.

இவற்றை மக்கள் குரல் எனக் கொண்டு எடுத்தாளுவோர் பலர். அதனை யாம் உடன்படோம். எழுதினோர் பெயரைக் குருமார் அச்சில் மறைத்தனர். பெரும்பாலானவை அவர்தம் மொழிபெயர்ப்பாளராகிய அழகப்பன் ஒருவரே எழுதியவை என்று, 1998இல் இவற்றைப் பதிப்பித்த கூர்ட்டு லீபௌ கருதுவர். அது பொருந்துமாயின், தொண்ணூற்றொன்பது மடலும் ஊர் முழுதும் பேசிய பேச்சாகா. பன்மொழி வல்லவரும் ஐரோப்பியரை அணுகி அறிந்தவருமாகிய ஒருவரின் பேச்சே அவற்றுட் பெரும்பகுதி ஆகும். இதனால் மடல்களின் மதிப்புக் குறையும் என அஞ்சுவார் உளர். எமக்கோ மதிப்புக் கூடுகின்றது. பெயரில்லாத் திரளுக்கு மாறாக, எண்ணிச் சொல் தொடுக்கும் ஆசிரியர் ஒருவர் நமக்குக் கிடைக்கின்றார்.

அவர் வெறுமனே விடை கூறவில்லை. கிறித்தவ சமயத்தைத் தமிழர் ஏற்கத் தயங்குவது ஏன் என்ற வினாவிற்கு, ஐரோப்பியர் ஆவைக் கொல்லுதல், கள்ளருந்துதல், தூய்மை பேணாமை ஆகியவற்றை மடல் எடுத்துக்காட்டுகின்றது. வினவப்பட்டவர் வினவுவாரை அளந்துவிட்டார். இஃது ஆலேக்குச் சென்றபோது, அடியார் திருத்தவேண்டிய குறையாகவும் ‘புறச்சமயத்தார்’ அறியாமையாகவும் மாறி நின்றது. மொழிபெயர்ப்பாளர் சேர்த்த குறிப்புகள் மடலை மறுத்துரைப்பதும் இக்கருத்தினாலேயே.

ஆதலின் இவற்றை மீளத் தமிழாக்க முயல்வோர் அக்குறிப்புகளை நீக்கிவிடுதல் பிழையாம். செந்தமிழ் நடை புனைந்து மூலம் போலக் காட்டுதல் அதனினும் பெரும்பிழை. வினா, விடை, குறிப்பு மூன்றும் ஒரு பக்கத்திலேயே எதிரெதிராக நிற்கும் பதிப்பே யாம் வேண்டுவது.