பதினாறு மதிப்பெண்

மாலை மணி நாலரை. பள்ளி விட்டாயிற்று. அந்த அரசு மேல்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பு அறையில் மட்டும் பதினொரு பிள்ளைகள் மிச்சம் இருந்தார்கள். ஆளுக்கொரு காம்பஸ், ஸ்கேல், நன்றாகச் சீவிய பென்சில். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் என்ற முறையில் அன்று போயிருந்தேன். கடைசி பெஞ்சில் இருந்த பையன் வடிவொத்த முக்கோணம் வரைந்துகொண்டிருந்தான். சாய்வாக ஒரு கோடு இழுத்தான். அதில் சம தூரத்தில் ஏழு புள்ளி வைத்தான். நாலாவது புள்ளியை முக்கோணத்தின் முனையோடு சேர்த்து, ஏழாவது புள்ளியிலிருந்து இணைகோடு போட்டான். கோடு இம்மிகூடப் பிசகவில்லை.

"நாலாவது புள்ளியை ஏன் தம்பி சேர்க்கிறே?"

"கீழ இருக்கிற நம்பரச் சேக்கணும் சார். மேல இருக்கிற நம்பர்லேர்ந்து கோடு போடணும்."

கேள்வியை வாசிக்கச் சொன்னேன். வாசிக்க வரவில்லை. 7/4 என்ற பின்னத்தைப் பார்த்துத்தான் இது எந்தக் கணக்கு என்று அவன் கண்டுபிடிக்கிறான்.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் கணக்குத் தாளில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8. தேர்ச்சிக்கு வேண்டியது 35. இந்தப் பதினாறைக் கைப்பழக்கமாகவே வாங்கிவிடலாம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். 'மெல்லக் கற்போர்' என்று பெயரிட்டு, ஜெராக்ஸ் எடுத்த கையேட்டைக் கொடுத்து, மாலையிலும் சனிக்கிழமையிலும் இதையே திரும்பத் திரும்பப் போட வைக்கிறார்கள். இதை இழிவாகப் பேச எனக்கு மனம் வராது. பத்தில் தவறினால் மேல்நிலைக் கல்வியும் பாலிடெக்னிக்கும் அவனுக்கு எட்டாமல் போகும். அந்த நாலரை மணிக்கு வீட்டுக்குப் போகாமல் நிற்கும் ஆசிரியை எந்தக் கூடுதல் சம்பளத்துக்காகவும் நிற்கவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. இந்தப் பையனுக்கென்று தனியாக ஒரு மணி நேரம் கிடைப்பதற்கு அவன் பத்தாம் வகுப்பு வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது?

நமது அரசுப் பள்ளிகளில் திட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் தடுமாறும் பிள்ளைக்கும் அவை வந்து சேரும் காலம் ஒன்றல்ல. படிக்கும் பிள்ளையைத் தேடி எட்டாம் வகுப்பிலேயே தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வு வந்துவிடுகிறது. தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒன்பதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. இதில் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியரைத் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கு 1,000 ரூபாய் கொடுக்கிறார்கள். இன்றைய விலைவாசியில் அது நோட்டுப் புத்தகத்துக்கும் போதாது. தொகையை உயர்த்துவதில் ஏன் இத்தனை தயக்கம் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

அடுத்தது மாதிரிப் பள்ளிகள். 2021-22 கல்வியாண்டில் சில மாவட்டங்களில் தொடங்கி, மாநிலம் முழுக்கப் பரவிய உண்டு உறைவிடப் பள்ளிகள் இவை. ஒற்றை அறை வீட்டில் தம்பி தங்கைகளுக்கு நடுவே படித்த பெண்ணுக்கு இங்கே தனிக் கட்டிலும் மேசையும் கிடைக்கின்றன, பக்கத்தில் தன்னைப் போலவே ஆர்வமுள்ள தோழிகளும். ஐ.ஐ.டி. என்ற பெயரையே கேள்விப்படாத குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். எந்த விமர்சனமும் இதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தப் பெண் விட்டுவந்த வகுப்பறையையும் பார்க்க வேண்டும். அங்கே அவள்தான் பக்கத்தில் இருந்தவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். ஆசிரியர் கேள்வி கேட்டால் முதலில் எழுந்தவள். தன் சிறந்த பிள்ளையைத் தாரைவார்த்த பள்ளிக்கு ஈடாக என்ன வந்தது என்று தேடினால், பெரும்பாலும் ஒன்றுமில்லை.

இதனால்தான் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை நான் மேலானதாகக் கருதுகிறேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் இடம் ஒதுக்கி 2020இல் வந்த சட்டம் அது. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையம் 10 விழுக்காடு பரிந்துரைத்தது, அரசு 7.5ஆக்கியது. முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் ஒதுக்கீடு விரிந்தது. இந்த உரிமைக்காகப் பிள்ளையை ஊரைவிட்டுப் பெயர்க்க வேண்டியதில்லை. மலைக் கிராமத்துப் பள்ளியிலேயே இருந்தாலும் அது அவளோடு இருக்கிறது. குறை இல்லாமல் இல்லை. பன்னிரண்டு முடித்து ஓராண்டு, ஈராண்டு தனியார் நீட் மையத்தில் பணம் கட்டிப் படிக்க முடிந்தவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் இடையே இந்த ஒதுக்கீட்டுக்குள்ளேயே ஒரு பிளவு உண்டாகிறது.

சரி, கைதூக்கிவிட வேண்டிய பிள்ளைகளின் பக்கம் வருவோம். மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. மேல் வகுப்புகளில் இத்தகைய 15 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று ஒன்றிய அரசு 2022இல் விகிதம் வகுத்தது. நடப்பில், சிறப்புப் பயிற்றுநர் வட்டார வள மையத்திலிருந்து வருபவர். ஒரே ஆள் பல பள்ளிகளுக்கு வண்டியில் அலைகிறார், அதுவும் ஒப்பந்த வேலையில். செவித்திறன் குறைந்த பிள்ளை அவரோடு பழகி, அவர் உதட்டசைவைப் படிக்கத் தொடங்கும்போது அவர் அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிடுவார்.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளின் கதை இன்னும் வேதனை. பொதுத் தேர்வில் அவர்களுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று நல்ல சலுகைகள் உண்டு. ஆனால் பல வீடுகளில் அந்தச் சொல்லையே முதன்முதலாகக் கேள்விப்படுவது பத்தாம் வகுப்பில், தேர்வுக்கு விவரம் சேகரிக்கும்போதுதான். அதுவரை அந்தப் பிள்ளைக்குப் பெயர் சோம்பேறி. தேர்வு எழுத வழி செய்து கொடுக்கிறோம், எழுத்தைக் கற்க வழி செய்து கொடுப்பதில்லை.

பகுதிநேர ஆசிரியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி என்று 2012இல் 16,549 பேரை நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். வரைவதில் மட்டும் தலைநிமிரும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. அவனைக் கண்டுபிடித்த ஓவிய ஆசிரியர் பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

பணமும் இந்தப் பக்கம்தான் முதலில் வற்றுகிறது. தன்னுடைய பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேரவில்லை என்று 2024-25இல் ஒன்றிய அரசு 2,152 கோடி ரூபாயை நிறுத்தியது. அது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதி. சிறப்புப் பயிற்றுநர், பகுதிநேர ஆசிரியர் எல்லோரும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். ஒன்றிய அரசு செய்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே மூச்சில் மாநில அரசிடமும் கேட்க வேண்டும்: நிரந்தரமாக இருக்க வேண்டிய ஆட்களைத் திட்ட நிதியில் ஏன் வைத்திருந்தோம்?

2025இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகத் தொடங்கிய 'திறன்' இயக்கத்தில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. எழுத்தும் அடிப்படைக் கணக்கும் வராதவர்களை முன்னதாகவே கண்டறிந்து கற்பிக்கும் முயற்சி அது. இடம் சரியான இடம். ஆனால் கற்பிப்பவர் ஏற்கெனவே பாடம் முடிக்கத் திணறும் அதே ஆசிரியர். மாணவர் விவரங்களை எமிஸ் இணையதளத்தில் ஏற்றும் வேலையும் அவர் தலையில்தான். தனி ஆளும் தனிப் பாடவேளையும் கொடுக்காவிட்டால் இதுவும் நாலரை மணிக்குத் தள்ளப்பட்டுவிடும்.

அன்று கிளம்பும்போது ஆறாம் வகுப்புத் தமிழாசிரியையைப் பார்த்தேன். யாருக்கு வாசிக்க வராது என்று எப்போது தெரியும் என்று கேட்டேன். "ஸ்கூல் தொறந்த மொத வாரத்துலயே தெரிஞ்சிடும்ங்க" என்றார். வருஷா வருஷம் தன் டைரியின் கடைசிப் பக்கத்தில் பெயர்களைக் குறித்து வைப்பாராம். பழைய டைரிகளை எடுத்துக் காட்டினார். நாலு வருஷத்துக்கு முந்தைய பட்டியலில், மூன்றாவதாக, அந்தக் கடைசி பெஞ்சுப் பையனின் பெயர் இருந்தது.